முக்காலிக்கு எண்ணெய் போட்டவள்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்னைவிட அதிகமாகத் தடவிப் பார்த்தது மூங்கில் கம்புகளைத்தான். இதைச் சொன்னால் இன்றைக்கும் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். நடந்ததைத்தானே எழுதுகிறேன்.

அவர் பெரிய சண்டைக்குப் போய்த் திரும்பியவர். கடல் தாண்டி, மணலும் ஈயும் தவிர வேறொன்றும் இல்லாத ஏதோ ஒரு சீமையில் இடது தோளில் குண்டு பாய்ந்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் அந்தக் கை மார்புக்கு மேலே எழும்பாது. சட்டை போடும்போது இடது கையை வலது கையால் தூக்கித்தான் உள்ளே நுழைப்பார். அதை யாராவது பார்த்துவிட்டால் அன்று முழுவதும் உம்மென்று இருப்பார்.

ஆம்பூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வேர்க்கடலை நிலம். காய் பிடிக்கும் சமயம் பார்த்துக் காட்டுப் பன்றிகள் குடும்பத்தோடு இறங்கிவிடும். கறுக்கலில் வந்து, விடிவதற்குள் ஏர் உழுததுபோல் ஆக்கிவிட்டுப் போய்விடும். பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் பயிர்க் காவலுக்கென்று அவருக்கு ஒரு பழைய ஒற்றைத் தோட்டா ரைபிளும் லைசென்சும் கிடைத்திருந்தன. கிணற்றுச் சுவரிலோ புளியமரக் கவையிலோ குழலைச் சார்த்திவைத்துச் சுடுவார். அவர் குறி தப்பிப் பார்த்தவர்கள் ஊரில் கிடையாது. ஊர்க்காரர்கள் அவரை "சிப்பாய்" என்று கூப்பிட்டதெல்லாம் அந்த ரைபிளை முன்னிட்டுத்தான். அது கையில் இருக்கும்போது அவருடைய தோளை யாரும் பார்ப்பதில்லை.

அந்த வருஷம் லைசென்சைப் புதுப்பிக்கப் போனபோது, தாலுகா ஆபீசில் யாரோ ஒரு குமாஸ்தா அவர் இடது கையால் கையெழுத்துக் காகிதத்தை நகர்த்தத் திணறியதைப் பார்த்துவிட்டான். பத்து நாளில் வீட்டுக்கு ஒரு உத்தரவு வந்தது. நான் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் என்பதால் படித்துச் சொல்லும் வேலை எனக்கு. டிப்டி கலெக்டர் பாலாற்று மணலில் கேம்ப் போடும் அன்று மனுதாரர் ரைபிளுடன் ஆஜராக வேண்டும். நூறு கஜத்தில் வைக்கும் பானையை மூன்று தோட்டாவில் இரண்டு தடவை அடிக்க வேண்டும். சுவர், மரம், வரப்பு இவற்றின்மேல் சார்த்தக் கூடாது. தானே வயலுக்குக் கொண்டுபோகக்கூடிய தாங்கி ஏதாவது வைத்துக்கொள்ளலாம். தவறினால் லைசென்ஸ் ரத்து, ரைபிளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.

படித்து முடித்ததும் அவர் ரைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பன்னி எங்க வருமோ அங்க மரம் இருக்கணும்னு சட்டமா இன்னா? அவங்க கேக்கறதும் நாயந்தான்" என்றார். பிறகு மெதுவாக, "அதையும் வாங்கிக்கினாங்கன்னா நான் வெறும் நொண்டிக் கைக்காரன்தான்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவருக்குப் பிடிக்காது என்று, உத்தரவு எழுதியவனின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது என்று திட்டித் தீர்த்தேன்.

ஆக, எங்களுக்கு ஒரு முக்காலி வேண்டும். உட்காருகிற முக்காலி இல்லை. மூன்று காலில் நின்று துப்பாக்கியைத் தாங்குகிற முக்காலி. பட்டாளத்தில் பீரங்கிக் கூட்டம் தூரம் பார்க்கிற கண்ணாடியை அப்படி ஒன்றின்மேல்தான் வைக்கும் என்றார். நாலு கால் இருந்தால் மேடு பள்ளத்தில் ஏதாவது ஒன்று ஆடும், மூன்று கால் எங்கே வைத்தாலும் ஊன்றி நிற்கும் என்றும் விளக்கினார். அன்று வீட்டில் இருந்த எல்லாப் பொருளின் காலையும் எண்ணிவிட்டார்.

முதலில் ஆம்பூர் கடைத்தெருவில் போட்டோ பிடிக்கும் பாயிடம் போனோம். பாய் தங்கமான மனிதர். தேக்கில் செய்து பித்தளைத் திருகு வைத்த தன் ஸ்டாண்டை, "எடுத்துனு போ தோஸ்த், நாளைக்குக் குடு" என்று தூக்கிக் கொடுத்துவிட்டு, தானும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார். நின்றபடி சுடுகிற உயரத்துக்கு அதை நீட்டி, ரைபிளை வைத்து, ஒரு தோட்டா சுட்டுப் பார்த்தார் இவர். பானை அப்படியே இருந்தது. ஸ்டாண்டின் ஒரு திருகு மட்டும் எங்கேயோ பறந்துபோய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் வேர்க்கடலைக் கொடிக்குள் மண்டியிட்டு அரை நாள் தேடினோம். கிடைத்ததும் பாய் அதை ஊதித் துடைத்து ஜேபியில் போட்டுக்கொண்டு, "மூஞ்சிய புடிக்கிற சாமான்பா இது, பன்னிய புடிக்காது. என்னை பேஜார் பண்ணாதே" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அடுத்து என் நைனா, அதாவது என் அப்பா, ஒரு யோசனை சொன்னார். அவருக்கு ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் எண்ணெய்க் கொட்டகையில் வேலை. அங்கே பட்டை மூட்டை நிறுக்க மூன்று சவுக்குக் கழிகளை மேலே சேர்த்துக் கட்டித் தராசு தொங்கவிட்டிருப்பார்கள். அதில் ஒன்று உபரியாகக் கிடக்கிறது என்று வண்டியில் போட்டு அனுப்பினார். அசைக்க முடியாத பொருள்தான். ஆனால் அதன்மேல் ரைபிளை வைத்தால் பன்றியை இல்லை, பருந்தைத்தான் சுடலாம். அதைத் தூக்க இரண்டு ஆள் வேறு வேண்டும். இவர் ஒரு காலைத் தோளில் தாங்கி நாலு அடி நடந்து பார்த்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்கக் கீழே போட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் கோழிகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தன.

இரண்டும் கெட்டுப்போனதில் ஒரு நல்லது நடந்தது. தமக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெளிந்துவிட்டது. உயரம் கூடக் கூட ஆட்டம் கூடும். ஆகவே உட்கார்ந்து சுட வேண்டும். லேசாக இருந்தால் நடுங்கும், கனமாக இருந்தால் சுமக்க முடியாது; ஆகவே காலை லேசாக வைத்து, இடத்துக்குப் போனபின் நடுவில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். திருகு வேண்டவே வேண்டாம். இதையெல்லாம் அவர் சாப்பிடும்போது தட்டில் சோற்றால் கட்டிக் காட்டினார். நான் ரசத்தை ஊற்றிக் கலைத்தேன்.

அப்புறம்தான் மூங்கில் ஆராய்ச்சி. ஜவ்வாது மலைக்காரர்கள் சந்தைக்குக் கொண்டுவரும் கல்மூங்கிலில் மூன்று கம்பு பொறுக்க அவருக்கு மூன்று சந்தை ஆனது. கணு நெருக்கமாக இருக்க வேண்டுமாம். உள்ளே துளை இருக்கவே கூடாதாம். ஒவ்வொன்றையும் காதருகே வைத்துத் தட்டுவார், ஒற்றைக் கண்ணை மூடி வளைவு பார்ப்பார், கையால் நீவுவார். விற்கிறவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "பொண்ணு பாக்க வந்தியா, கம்பு வாங்க வந்தியா?" என்று கேட்டேவிட்டான். "என்னைப் பாக்க வந்தப்ப இதுல பாதி நேரங்கூட ஆவல" என்றேன் நான். சந்தையே சிரித்தது. அவர் முகம் சிவந்து, அந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தார்.

கம்புகளின் நுனியைச் சீவி நெருப்பில் வாட்டிக் கூராக்கினார். மேலே மூன்றும் கூடும் இடத்தில் கட்ட, தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்யும் அவருடைய கூட்டாளி ஒருவன் பச்சைத் தோல் வார் கொடுத்தான். பச்சைத் தோல் என்றால் பட்டை போட்டுப் பதப்படுத்தாத தோல். அதை ஈரமாக இழுத்துச் சுற்றி, கால்களை எவ்வளவு அகட்ட வேண்டுமோ அவ்வளவு அகட்டி, இரண்டு நாள் வெயிலில் வைத்தார். காயக் காயத் தோல் சுருங்கி இறுகி, மாட்டுக் கொம்பு மாதிரி ஆகிவிட்டது. ஒரே சங்கடம், முக்காலி இனி மடங்காது. அகட்டிய காலோடு அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் தெருவில் போனால் நாய்கள் எல்லாம் கூடவே போகும்.

என் பங்குக்கு, பதப்படுத்திய ஆட்டுத் தோலில் ஒரு சின்ன மெத்தைப் பை தைத்து, உமி அடைத்து, கவையின்மேல் கட்டினேன். குழல் நேராக மூங்கிலில் பட்டால் வெடிக்கும்போது துள்ளுமாம். பை வைத்தபின் துள்ளவில்லை. அதற்காக என்னை ஒரு தடவை பாராட்டினார். தேதி எழுதி வைத்திருக்க வேண்டும்.

தோட்டா வீணாக்க முடியாது என்பதால் வெறும் துப்பாக்கியிலேயே தினமும் பழகினார். ஒரு கால் பானையைப் பார்க்க, மற்ற இரண்டும் அவர் பக்கம். குழலின்மேல் நான் ஒரு புளியங்கொட்டையை வைப்பேன். அது விழாமல் விசையை இழுக்க வேண்டும். முதல் நாள் கொட்டை பொறுக்கியே என் இடுப்பு ஒடிந்தது. மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி, விரலை மட்டும் அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே செய்வார். பத்தாம் நாள், வரிசையாக இருபது தடவை கொட்டை அசையவில்லை. உண்மைத் தோட்டாவில் ஐந்துக்கு நாலு பானை உடைந்தது. அன்று அவர் வீட்டுக்குள் சீழ்க்கை அடித்துக்கொண்டு நடந்தார். கல்யாணமானபின் நான் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் பிறந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. தோல் சாமான் எதுவும் காய்ந்து கிடக்கக் கூடாது. நைனா விருந்தாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செருப்பைத்தான் பார்ப்பார். செருப்பு வெடித்திருந்தால், வந்தவர் தண்ணீர் குடிப்பதற்குள் அதை ஈரத் துணியால் துடைத்து எண்ணெய் தேய்த்து வைத்துவிடுவார். மாட்டின் கழுத்துப் பட்டை, என் வேதப் புத்தகத்தின் அட்டை, எதுவும் அவரிடம் தப்பாது. "தோலக் காய உடுற வூடு ஒரு வூடாடி" என்பார்.

கேம்ப்புக்கு முதல் நாள் மத்தியானம் இவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். முக்காலி கூடத்தில் நின்றது. அந்த வாரைப் பார்த்தேன். வெளிறி, விறைத்து, ஓரத்தில் மயிர்கூட ஒட்டிக்கொண்டு, பார்க்கச் சகிக்கவில்லை. நாளைக்கு டிப்டி கலெக்டர் பார்க்கப் போகிறார். தோல் ஷாப்புக்காரன் மகள் வீட்டுச் சாமானா இது என்று நாலு பேர் கேட்டால் என்ன செய்வது? நைனாவின் முறைப்படியே ஈரத் துணியைச் சுற்றி ஊறவைத்து, பிறகு நல்லெண்ணெயைச் சூடாக்கி, தாராளமாக, மூங்கில் கணுவெல்லாம் சேர்த்து நீவி நீவித் தேய்த்தேன். தூசி படாமல் இருக்க எண்ணெய்த் துணியையும் சுற்றிக் கட்டினேன். அரைக் கிண்ணம் குடித்தது. பதப்படுத்திய தோலைப்பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. பச்சைத் தோலைப்பற்றி அதன் நாற்றத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் வண்டியில் முக்காலியின் கால்கள் கொஞ்சம் ஆடின. வண்டி ஆடுகிறது என்று நினைத்தோம்.

விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பாலாற்று மணலில் கேம்ப். தண்ணீர் ஒரு ஓரமாக ஓட, எதிர்க்கரை மேட்டுக்கு முன்னால் வெள்ளையடித்த பானை. மனு கொடுக்க வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், கடலை விற்பவர்கள் என்று திருவிழாக் கூட்டம். இவர் பட்டாளத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முக்காலியை ஊன்றி, மணல் பையைத் தொங்கவிட்டு, ரைபிளை வைத்தார். பை கனத்தில் கால்கள் மெதுவாக, மிக மெதுவாக அகன்றன. அன்றுதான் பிறந்த கன்று நிற்கப் பார்ப்பதுபோல் இருந்தது. சரியாக அவர் விசையை இழுத்த நேரத்தில் முக்காலி மண்டியிட்டது. தோட்டா மணலைக் கிளப்பிவிட்டுப் போனது. கூட்டம் ஓவென்று சிரித்தது.

அவர் துணியை அவிழ்த்து வாரை விரலால் தொட்டார். இறுகியிருந்த பச்சைத் தோல் ஈரத்திலும் எண்ணெயிலும் இளகி, வேகவைத்த சேமியா மாதிரி வழுக்கியது. விரலை மோந்து பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"எண்ணெ போட்டியா?"

"பளபளன்னு இருக்கட்டும்னு..."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தலையைக் குனிந்துகொண்டார். நான் ஓடிப்போய்க் கடலைக்காரியிடம் கயிறு வாங்கி வந்தேன். வலது கையாலும் பல்லாலும் அவர் இறுக்கிக் கட்டினார். எண்ணெய் குடித்த மூங்கிலில் கயிறும் வழுக்கியது. டிப்டி கலெக்டர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மீதி இரண்டு தோட்டா, இரண்டும் படவேண்டும். பின்னால் எவனோ ஒருவன், "ஒத்தக் கைக்கு எதுக்குப்பா துப்பாக்கி?" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே சுடும் இடத்துக்குப் போய், முக்காலிக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, மூன்று மூங்கிலும் கூடும் இடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டவாலி போட்ட சேவகன் ஓடி வந்தான்.

"எழுந்திரும்மா! பொம்பளங்க வரக் கூடாது!"

"எங்க எழுதியிருக்குது? அவரே கொண்டாற தாங்கி எதுவானாலும் வச்சிக்கலாம்னு உத்தரவுல இருக்குது. நான்தான் படிச்சேன். என்னையும் அவருதான் வண்டியில ஏத்திக் கொண்டாந்தாரு!"

டிப்டி கலெக்டர் உத்தரவு நகலை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். "சுவர், மரம், வரப்பு கூடாதுன்னுதான் இருக்கு" என்றார் நிதானமாக. "பெண்டாட்டி கூடாதுன்னு இல்லை. ஏம்மா, காதுகிட்ட வெடிக்குமே, பயமில்லையா?"

"இருக்குதுங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் என் பின்னால் குனிந்தார். குழல் என் இடது காதை ஒட்டி முன்னால் நீண்டது. "இந்தாம்மே, நடுங்குற" என்றார் மெல்ல. "நான் மூச்ச நிறுத்தறப்ப நீயும் நிறுத்திக்க. கண்ண மூடிக்க." நான் கண்ணை மூடவில்லை. அவர் மூச்சு என் தோள்மேல் பட்டது, பாதியில் நின்றது. நானும் நிறுத்தினேன். குழலின்மேல் புளியங்கொட்டை இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

இடி விழுந்தது. பானையைக் காணோம்.

இன்னொரு பானை வைத்தார்கள். மறுபடி மூச்சு, மறுபடி இடி. அந்தப் பானையின் வாய் மட்டும் மணலில் உருண்டு போனது. மூங்கிலை விடவே எனக்குக் கை வரவில்லை. அவர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். என்னவோ சொன்னார். எனக்கு ஒரு காதில் கொய்யென்ற சத்தம், மற்றதில் ஊர்ச் சத்தம். எதுவும் கேட்கவில்லை. அவர் வாய் அசைந்தது, கண் கலங்கியிருந்தது, அந்த நொண்டிக் கையாலேயே என் முழங்கையைப் பிடித்திருந்தார், அத்தனை ஜனத்துக்கும் நடுவில். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பச்சத் தோலுக்கு எண்ணெ போட்டியா? யாரு வூட்டுப் பொண்ணுடி நீ?" என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் தோல் ஷாப்பில் எல்லோரிடமும் என் பெருமையைப் பேசினாராம்.

லைசென்ஸ் தபாலில் வந்தது. நான்தான் படித்தேன். கீழே நிபந்தனை என்ற இடத்தில் அன்று எனக்குக் காது கேட்காத நேரத்தில் டிப்டி கலெக்டர் வேடிக்கைக்குச் சொன்னதை அந்தக் குமாஸ்தா அப்படியே ஏற்றியிருந்தான்: மனுதாரர் முக்காலியுடனும், மனைவி உடன் இருக்கும்போதும் மட்டுமே சுட வேண்டும்.

முக்காலிக்கு அவர் புது வார் கட்டி, மறுபடி வெயிலில் காயவைத்து, எண்ணெய்க் கிண்ணத்தை என்னிடமிருந்து ஒளித்துவைத்தார். அது இப்போது கல்லாட்டம் நிற்கிறது. பிடித்துக்கொள்ள ஆள் தேவையே இல்லை. ஆனாலும் உத்தரவு உத்தரவுதான் என்று, பன்றி இறங்கும் காலத்தில் கடலைக் கொடிக்கு ஓரமாக அவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன். இடது காது இன்னும் மந்தம். ஆகவே அவர் என் வலப்பக்கம் வந்துதான் பேசுவார்; திட்டுவதானால் நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கும்போது, "அந்த நிபந்தனைய எடுத்துடச் சொல்லி ஒரு மனு எழுதிடட்டுமா?" என்று கேட்பேன். ஒரு வருஷம் நாள் நன்றாயில்லை என்றார். ஒரு வருஷம் நல்ல காகிதம் இல்லை என்றார். அடுத்த வருஷம் பேனா முள் வளைந்திருக்கிறது என்றார். இந்த வருஷம் நான் காகிதம், பேனா, மசிக்கூடு மூன்றையும் எடுத்து அவர் முன்னால் வைத்து, எழுத உட்கார்ந்தேவிட்டேன். அவர் மசிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து, நல்ல கையால் அதை எடுத்து, எனக்கு எட்டாத பரணில் வைத்தார். பிறகு முக்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலில் நின்று கூப்பிட்டார்.

"வாம்மே, பன்னி வர்ற நேரம்."